காதல் நாவல் குழுவை மூடிவிட வேண்டியதுதானா?

வாசகியின் கடிதம், அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சுருக்கமாக:

எழுதியவர் ஐம்பதைத் தாண்டிய இல்லத்தரசி. சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடும்பத்தோடு வசிக்கிறார். பள்ளி நாள்களிலிருந்தே காதல் நாவல் என்றால் உயிர். அம்மா தேக்காவில் வாங்கிச் சேர்த்த மாத நாவல்களில் தொடங்கிய பழக்கம். 2020இல், கொவிட் காலத்தில் வீட்டோடு முடங்கியிருந்தபோது ஐந்து தோழிகளோடு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். இன்று அதில் 230 பேர் இருக்கிறார்கள். மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும்கூட உறுப்பினர்கள் உண்டு. கூகல் டிரைவில் 600க்கு மேற்பட்ட நாவல்கள் பிடிஎஃப் கோப்புகளாக ரகம் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன: குடும்பக் காதல், கிராமத்துக் கதை, கட்டாயக் கல்யாணம், ஆன்ட்டி ஹீரோ, சரித்திரக் காதல், அமானுஷ்யம், சஸ்பென்ஸ். ஒவ்வொரு நாவலுக்கும் இவரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். கதை எதைப் பற்றியது, முடிவு சுபமா, எவ்வளவு அழவைக்கும், படுக்கையறைக் காட்சிகள் உண்டா என்று எல்லாம் அதில் இருக்கும்.

கோப்புகள் பல வழிகளில் வந்தவை. அம்மாவின் மாத நாவல்களை இவரே ஸ்கேன் செய்தார். தளங்களில் தொடராக வந்த கதைகளை உறுப்பினர்கள் நகலெடுத்துத் தந்தார்கள். அமேசானின் கிண்டிலில் வாங்கிய மின்னூல்களை, கணினி தெரிந்த ஒரு தம்பி மென்பொருள் கொண்டு மாற்றிக் கொடுத்தார். சிலர் ஆங்கிலக் காதல் நாவல்களைக் கணினி மொழிபெயர்ப்பில் தமிழாக்கிப் போட்டார்கள். 40 பேர் மாதம் 2 வெள்ளி தருகிறார்கள். டிரைவ் கட்டணம் போக மீதியில் புதிய மின்னூல்கள் வாங்கி எல்லாருக்கும் பகிர்கிறார்கள். பார்வை மங்கிய மூத்தோருக்காகச் சில நாவல்களை வாசித்து யூடியூபிலும் ஏற்றியிருக்கிறார்.

போன வாரம் தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவரிடமிருந்து செய்தி வந்தது: “என் நான்கு நாவல்கள் உங்கள் குழுவில் இருக்கின்றன. ஏழு நாளில் நீக்காவிட்டால் வழக்கறிஞர் மூலம் வருவேன்.” வாசகிக்கு அதிர்ச்சி. “நான் இதில் ஒரு காசு சம்பாதிக்கவில்லை. எழுத்தாளர் பெயரை எடுக்கவில்லை. அவர் இந்தியாவில், நான் இங்கே. பாதி நூல்கள் கடையிலேயே கிடைப்பதில்லை. இது எப்படித் தவறாகும்? போலிஸ் வருமா? குழுவை மூடிவிடச் சொல்கிறார் கணவர். மூடித்தான் ஆகவேண்டுமா?” என்று கேட்கிறார்.

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குழுவை மூட வேண்டாம். கோப்புகளை மூடுங்கள், அதுவும் இன்றே. குழுவையும் கோப்புகளையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிவிட்டதால் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் வேறு வழி தெரியவில்லை. பிடிஎஃப் கோப்பு யாரிடமும் கிடைக்கும். 600 நாவல்களைப் படித்து ரகம் பிரித்து, ‘இதில் நாயகன் இரண்டாம் பாதியில்தான் திருந்துவான், பொறுமை வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவைக்கிற ஆள் எளிதில் கிடைக்கமாட்டார். உங்கள் குழுவில் 230 பேர் தங்கியிருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த வேலைக்குச் சட்டம் எந்தத் தடையும் சொல்லவில்லை.

முதலில் உங்கள் சமாதானங்களைப் பார்ப்போம்.

‘காசு வாங்கவில்லை’

சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம் 2021, அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. நகலெடுப்பதும் இணையத்தில் பலருக்கும் எட்டும்படி வைப்பதும் உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடியவை. அனுமதியின்றிச் செய்தால், இலாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது உரிமை மீறல். டிரைவ் உங்கள் பெயரில் இருப்பதால், ‘ஏற்றியது உறுப்பினர், நான் வெறும் அட்மின்’ என்றும் சொல்ல முடியாது. மீறலுக்கு இடம் கொடுத்து அனுமதிப்பதும் மீறலே.

பணத்தைப் பற்றி இன்னொன்று. 40 பேர், 2 வெள்ளி, மாதம் 80 வெள்ளி. இதை வியாபாரம் இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். சந்தா கட்டினால் திருட்டுப் பிரதி கிடைக்கும் என்ற ஏற்பாடாக இதைக் காட்ட அவருக்கு அதிக நேரம் பிடிக்காது. இந்த மாதத்தோடு வசூலை நிறுத்துங்கள்.

‘எழுத்தாளர் பெயரைப் போட்டிருக்கிறேன்’

போட வேண்டியதுதான். படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனி உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. ஆனால் அது ஒரு கடமை, அனுமதிச் சீட்டு அல்ல. பெயரை எடுத்திருந்தால் இரண்டு மீறல், போட்டதால் ஒன்று.

‘நியாயமான பயன்பாடு’ என்ற விதிவிலக்கை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீதிமன்றம் அதற்கு நான்கைப் பார்க்கும்: எதற்காகப் பயன்படுத்தினீர்கள், படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் விற்பனையை அது எப்படிப் பாதிக்கும். பொழுதுபோக்குக்காக, முழு நாவலை, 230 பேருக்கு என்று வரும்போது இந்த நான்கில் ஒன்றில்கூட நீங்கள் தேறமாட்டீர்கள்.

‘அவர் இந்தியாவில், நான் இங்கே’

பதிப்புரிமைக்கான அனைத்துலக உடன்பாடான பெர்ன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் சிங்கப்பூரும் இருக்கின்றன. மதுரையில் எழுதிய நாவலுக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. எங்கும் பதிவு செய்திருக்கத் தேவையில்லை. கோப்பை ஏற்றியது சிங்கப்பூரில் என்பதால் அவர் இங்கேயே வழக்குப் போடலாம். தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

போலிஸ் வருமா, எவ்வளவு இழப்பீடு?

சிவில் வழக்கில் எழுத்தாளர் தமக்கு நேர்ந்த நட்டத்தை மெய்ப்பிக்கலாம். அது கடினம் என்பதால், நட்டத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லாத, சட்டமே வரம்பு வைத்த இழப்பீட்டைக் கோரலாம். ஒரு படைப்புக்கு அதிகபட்சம் 10,000 வெள்ளி, ஒரு வழக்கில் மொத்தம் 200,000 வெள்ளி. மெய்யான நட்டம் அதையும் தாண்டியதென்று நிரூபித்தால்தான் அந்த உச்சவரம்பு விலகும். உங்கள் எழுத்தாளருக்கு நான்கு நாவல்கள் என்பதால் 40,000 வரை கணக்கு வரும். இது உச்சவரம்புதான், தானாக வந்து விழும் தொகை அல்ல. மீறல் எவ்வளவு துணிந்து செய்யப்பட்டது, நட்டம் எவ்வளவு என்றெல்லாம் பார்த்துத்தான் நீதிபதி முடிவு செய்வார். கேட்டவுடன் நீக்கினீர்களா என்பதும் அப்போது பேசப்படும்.

குற்றவியல் பக்கமும் உண்டு. தெரிந்தே மீறி, அதன் அளவு கணிசமாக இருந்தாலோ வணிக ஆதாயத்துக்காகச் செய்திருந்தாலோ, முதல் குற்றத்துக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். நாவல் குழு நடத்தும் ஒருவர் வீட்டுக் கதவை நாளைக்கே போலிஸ் தட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகும் தொடர்ந்தால் ‘தெரியாமல் செய்தேன்’ என்று சொல்ல வழியே இராது. 600 என்ற எண்ணும் ‘கணிசம்’ என்ற சொல்லுக்கு நன்றாகவே பொருந்தும்.

என் கவலை அந்தத் தம்பியைப் பற்றியும்தான். மின்னூலின் நகல் தடுப்புப் பூட்டை மென்பொருளால் கழற்றியிருந்தால், அதற்கே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் ரகங்கள், என் ரகங்கள்

நீங்கள் காதலை வைத்து ரகம் பிரித்தீர்கள். நான் உரிமையை வைத்துப் பிரிக்கிறேன்.

பழைய நூல்கள்: இங்கே பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுள் முழுதும், அவர் மறைந்த ஆண்டு முடிந்த பின் 70 ஆண்டும் இருக்கும், இந்தியாவில் 60. கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். இந்தியக் கணக்கில் 2014 முடிவோடும், இங்குள்ள கணக்கில் 2024 முடிவோடும் அவர் எழுத்துக்கு உரிமைக் காலம் தீர்ந்தது. உங்கள் சரித்திரக் காதல் பிரிவில் அவருடையவை இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு எச்சரிக்கை: அச்சான பதிப்பின் பக்க அமைப்புக்கும் 25 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. அண்மைப் பதிப்பை ஸ்கேன் செய்யாமல், மதுரைத் திட்டம் போன்ற இலவச இணைய நூல் தொகுப்புகளில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பாடத்தைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கின்றன. அங்கிருந்தே இணைப்பு கொடுக்கலாம்.

அம்மாவின் மாத நாவல்கள்: இங்குதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அச்சில் இல்லை என்பதால் உரிமை இல்லாமல் போகாது. 1980களில் எழுதியவர்களில் பலர் இன்றும் இருக்கிறார்கள்; மறைந்தவர்களின் பிள்ளைகளிடம் உரிமை இருக்கும். இப்போது பலர் அந்தப் பழைய நாவல்களையே மின்னூலாகக் கொண்டுவருகிறார்கள். உங்கள் ஸ்கேன் அந்தச் சிறிய சந்தையையும் அடைத்துவிடும். காகிதப் புத்தகத்தை யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுங்கள், பழைய புத்தகமாக விற்றாலும் சரி. பிரதி ஒன்று கைமாறுகிறது, பெருகவில்லை. ஐம்பது பேர் வரிசையில் நின்று ஒரே புத்தகத்தைப் படித்தாலும் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இணையத் தொடர்கள்: எழுத்தாளர் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு இலவசமாகப் படிக்கவிடுகிறார் என்றால், அவர் தளத்தில் வந்து படிக்கத்தான் அந்த அனுமதி. கதை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு மின்னூலாகப் போடுவது இப்போது வழக்கம். ‘யூடி’ (புதிய அத்தியாயம்) வந்த அன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருடைய அந்த அடுத்த படியைத்தான் தட்டிவிடுகிறது.

கிண்டில் நூல்கள்: உங்களுக்கு வந்த செய்தியில் இருந்த கோபத்துக்குக் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் நூலைச் சேர்க்கும் எழுத்தாளர், அந்த மின்னூல் 90 நாள் வேறெங்கும் கிடைக்காது என்று உறுதி கொடுக்கிறார். வாசகர் படிக்கும் பக்கக் கணக்கில்தான் அவருக்குப் பணம். உங்கள் பிடிஎஃப்பில் 230 பேர் படித்தால் அவருக்கு ஒரு பக்கமும் சேராது. கோப்பு வெளியே சுற்றுவது அமேசானின் கண்ணில் பட்டால், உறுதியை மீறியதாக அவரிடமே விளக்கம் கேட்கப்படலாம். முதல் நாவல் எழுதும் பெண்கள் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். பெரிய பதிப்பகங்கள் இவர்களுக்குப் பின்னால் இல்லை.

மொழிபெயர்த்தவை: மொழிபெயர்ப்பும் உரிமையாளரின் அனுமதியோடு செய்ய வேண்டியதே. கணினி செய்தாலும் அப்படித்தான். பகிர்விலிருந்து முழுதாக நீக்குங்கள்.

யூடியூப் வாசிப்பு: நோக்கம் நல்லது, செய்தது மீறல். பார்வைக் குறையுள்ளோருக்குச் சட்டத்தில் தனிச் சலுகைகள் உண்டு; ஆனால் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி பொதுவில் ஏற்றுவதை அவை அனுமதிப்பதில்லை. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் உறுதியானால் சேனலே போய்விடும். காணொளிகளை இப்போது ‘பிரைவேட்’ ஆக்கிவிட்டு எழுத்தாளர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல குரலில் ஒலிநூல் வருவதில் அவர்களுக்கும் விருப்பம் உண்டு. அனுமதி எழுத்தில் இருக்கட்டும்: எந்த நாவல், எந்தச் சேனல், எவ்வளவு காலம், விளம்பர வருமானம் வந்தால் யாருக்கு.

இந்த ஏழு நாளில் செய்ய வேண்டியது

வரிசை முக்கியம். முதலில் எதையும் அழிக்காதீர்கள். வழக்குப் பேச்சு வந்த பிறகு ஆதாரத்தை அழித்தால், சிறு தவறு பெரிய சந்தேகமாகிவிடும். அவருடைய செய்தியைத் திரைப்பிடி எடுத்து வையுங்கள். டிரைவில் உள்ள கோப்புகளின் பெயர், ஏற்றிய தேதி, ஏற்றியவர் ஆகியவற்றைப் பட்டியலிட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டிரைவின் முதன்மைக் கோப்புறையில் பகிர்வு அமைப்பைத் திறந்து, ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் ‘தடைசெய்யப்பட்டது’ என்று மாற்றுங்கள். தனிப்பட்ட மின்னஞ்சல்களுக்குக் கொடுத்த அனுமதிகளையும் எடுத்துவிடுங்கள். ஒரு சில நிமிட வேலைதான், குழுவில் கிடக்கும் பழைய இணைப்புகள் எல்லாம் செத்துவிடும். உள்ளே தனித்தனியாகப் பகிர்ந்த கோப்புகள் இருந்தால் அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் நேரடியாக அனுப்பிய கோப்புகள்தான் தொல்லை. எல்லாருக்கும் சேர்த்து நீக்கும் வசதி, அனுப்பி இரண்டு நாளும் சில மணி நேரமும் வரைதான் வேலை செய்யும். அதற்கு முந்தியவை உறுப்பினர்களின் கைப்பேசியில் உட்கார்ந்திருக்கும். ‘அழித்துவிடுங்கள், மறுபடி அனுப்பாதீர்கள்’ என்று குழுவில் தெளிவாக ஓர் அறிவிப்புப் போடுங்கள். அந்த அறிவிப்பே உங்களுக்கு ஒரு சான்று.

பிறகு எழுத்தாளருக்குப் பதில். நீட்டி எழுத வேண்டாம்:

“வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட நான்கு நாவல்களும் இன்று குழுவின் பகிர்விலிருந்து நீக்கப்பட்டன. நடந்ததற்கு வருந்துகிறோம். தரவிறக்கியவர்களை அழிக்கச் சொல்லியிருக்கிறோம். இனி உங்கள் நூல்கள் குழுவில் கோப்பாகப் பகிரப்படமாட்டா. அவற்றை முறையாக வாங்கும் இணைப்பை அனுப்பினால், குழுவில் வெளியிட விரும்புகிறோம்.”

அவ்வளவுதான். எத்தனை பேர் படித்தார்கள் என்று ஊகித்துச் சொல்லாதீர்கள். ‘உங்களுக்கு விளம்பரம்தானே செய்தோம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; அந்த வரிக்கு எந்த எழுத்தாளரும் சாந்தமாகப் பதில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் பணம் கேட்டாலோ, கையொப்பமிட்டுத் தரும்படி உறுதிமொழிக் கடிதம் அனுப்பினாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். அத்தகைய கடிதத்தில் தவற்றை முழுமையாக ஒப்புக்கொள்ளும் வரியும், எதிர்த்தரப்பின் செலவை ஏற்கும் வரியும் இருப்பது வழக்கம். சமூகச் சட்ட ஆலோசனை மையங்களில் இலவசமாக ஒரு வழக்கறிஞரைப் பார்த்துக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் விரைந்து நீக்கி மரியாதையாகப் பதில் எழுதினால் விவகாரம் அங்கேயே முடிந்துபோக நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் வழக்கு நடத்தும் செலவு, அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையையே விழுங்கிவிடும் என்பது அவருடைய வழக்கறிஞருக்கும் தெரியும்.

கோப்பு இல்லாத குழு

உங்கள் 600 குறிப்புகள் உங்கள் சொந்த எழுத்து. எழுதிய கணத்திலிருந்தே அவற்றின் பதிப்புரிமை உங்களுடையது. அவற்றை ஓர் அட்டவணையாக்குங்கள்: நூல், எழுத்தாளர், ரகம், உங்கள் குறிப்பு, கடைசியாக முறையாகக் கிடைக்கும் இடம். விமர்சனத்துக்காக நூலிலிருந்து சில வரிகளை, நூல் பெயரும் எழுத்தாளர் பெயரும் சொல்லி எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கதையையும் அத்தியாயம் அத்தியாயமாகத் திருப்பிச் சொல்வது வேறு, அதில் இறங்காதீர்கள்.

‘முறையாகக் கிடைக்கும் இடம்’ நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களை லிப்பி செயலியில் இலவசமாக இரவல் பெறலாம். எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதி அதில் இருப்பதால் உங்கள் மூத்த உறுப்பினர்களுக்கு உதவும். அச்சு நூலுக்கு 21 நாள் தவணை. நூலகத்தில் இல்லாத தலைப்புகளை வாங்கும்படி பரிந்துரைக்கலாம். காதல் நாவலைப் பரிந்துரைக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு ஒன்றுமில்லை, ஒரே நூலை உங்கள் உறுப்பினர்கள் முப்பது பேர் கேட்டால் அந்தத் தேவை பதிவாகும். பிரதிலிபி போன்ற தளங்களில் எழுத்தாளரே போட்டிருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். ஊருக்குப் போய்வருபவர்கள் புத்தகமாக வாங்கி வரட்டும். கையிலிருக்கும் மீதிப் பணத்தை, கொடுத்தவர்களின் சம்மதத்தோடு காகிதப் புத்தகமாக மாற்றினால் சுற்றுக்கு விடலாம்.

படுக்கையறைக் காட்சிகள் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான தமிழ்க் காதல் நாவல்கள் சட்டம் கவலைப்படும் எல்லைக்கு அருகில்கூடப் போவதில்லை. ஆனால் ஆபாசப் பொருளைப் பரப்புவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம், இளையோருக்குக் கொடுத்தால் அது இன்னும் கடுமையாகும். உறுப்பினர்களின் பள்ளி வயதுப் பிள்ளைகள் யாராவது குழுவில் இருந்தால் அவர்களை விலக்கிவிடுங்கள்.

கோப்பு நின்றதும் சிலர் வெளியேறுவார்கள். அவர்களில் ஒருவர் மொத்தக் கோப்புறையையும் தமக்கு மாற்றிக் கொடுக்கும்படி தனிச்செய்தியில் கேட்பார், வேறு பெயரில் டெலிகிராமில் தொடங்கிக்கொள்வதாகச் சொல்வார். கொடுத்துவிடாதீர்கள். அந்தப் புதிய குழு பிடிபட்டால், கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் பெயராகத்தான் இருக்கும்.